டீச்சரம்மா வாராக

எங்கள் வீட்டில் அப்போது வேப்பமரம்தான் போன் பேசும். உசிலம்பட்டிக்கு மேற்கே, மலை கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். டவர் எந்த வீட்டுக்குள்ளும் வராது. எங்கள் வாசலில் நிற்கும் வேம்பின் தெற்குக் கிளைக்கு மட்டும் அது ஏனோ மனமிரங்கி வந்துபோகும். அதனால் அப்பா தன் பட்டன் போனை ஒரு மஞ்சள் பையில் போட்டு அந்தக் கிளையில் தொங்கவிட்டிருப்பார். போன் அடித்தால் மரமே அடிப்பது போல இருக்கும். காக்கை பறக்கும், ஆட்டுக்குட்டி காதைத் தூக்கும், வீட்டில் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் ஓடிப்போய்ப் பையைப் பிரிக்க வேண்டும். ஓரடி தள்ளி வந்தாலும் பேச்சு அறுந்துபோகும் என்பதால் மரத்தைப் பார்த்து நின்றபடியேதான் பேசுவோம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, இந்த வீட்டுக்காரர்கள் ஏன் எந்நேரமும் மரத்திடம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியிருக்கும்.

இன்று ஊருக்கே டவர் வந்துவிட்டது. அப்பாவும் படுத்துக்கொண்டே போன் பேசுகிறார். ஆனால் நான் படிப்பேனா, இல்லை அத்தை வீட்டுக்கு மருமகளாகப் போவேனா என்பது அந்த மரத்தடியில்தான் முடிவாயிற்று. மதுரையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக வருகிற பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது சில சமயம் எனக்கு அந்த மரத்தடி நினைவு வரும். கூடவே மையத்து அக்காவும் வருவார்.

மையம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிடுகிற பிள்ளைகளை, அதிலும் பெண் பிள்ளைகளை, எப்படியாவது கல்லூரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக எங்கள் பக்கத்து ஊர்களில் வேலை செய்த ஒரு சிறிய தொண்டு நிறுவனம் அது. அதற்கு மூச்சுமுட்டுகிற நீளத்தில் ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொன்னதில்லை. சாயங்காலம் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து எங்களைப் படிக்க வைப்பார்கள், அதனால் அது மையம். அதன் அலுவலகம் நாகமலை புதுக்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கிருந்து ஊர் ஊராக வந்து தகப்பன் தாயிடம் பேசுகிற வேலை அக்காவுடையது. மதுரையின் பழைய தெருக்களுக்குள் பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பெண். குள்ளமாக, கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருப்பார். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகையில், பாதித் தூக்கத்தில் யாரோ எழுப்பி இறக்கிவிட்டது போலவே முகம் இருக்கும். அவர் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அவர் டீச்சரம்மாதான்.

அக்கா வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆடு எத்தனை குட்டி போட்டது, சோளம் எப்படி வந்திருக்கிறது, யாருக்கு இடுப்பு வலி என்று கேட்டுக்கொண்டிருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார். பிறகு, "அண்ணே, கொஞ்ச நேரம் கண்ணசந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தலைக்கு வைத்து, வெறுந்தரையில் சுருண்டு படுத்து நிஜமாகவே உறங்கிவிடுவார். லேசான குறட்டை கூட வரும். எழுந்து முகம் கழுவி, செருப்பை மாட்டுகிற போதுதான் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "புள்ளைக்குக் கெமிஸ்ட்ரி நல்லா வருதுண்ணே." அவ்வளவுதான், பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அதைச் சோம்பேறித்தனம் என்று மையத்திலேயே சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது அப்படித் தோன்றியதில்லை. எங்கள் தெருவுக்கு வந்த ஆபீஸ்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனவர்கள். தண்ணீர் கொடுத்தால், இப்பத்தான் குடிச்சேன் என்பார்கள். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அந்தக் காடுகளுக்குப் பக்கத்திலேயே அப்பா கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கியிருந்தும், அந்த நின்றுகொண்டு பேசுகிற பழக்கம் மாறவில்லை. அங்கே ஒரு பொம்பளை வந்து வாய் திறந்து உறங்கினால் எப்படி இருக்கும்? அம்மா போய் அவர் முகத்தில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறுவார். அப்பா ஆட்டைக் கத்தவிடாமல் தூர ஓட்டிக்கொண்டு போவார். "என்ன நம்பிக்கை பாரு நம்ம வீட்டு மேல," என்று ஒருநாள் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் செய்வது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாவது முடித்ததும் அத்தை வந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. உசிலம்பட்டியில் வீடு. மகன் லோடு வண்டி ஓட்டினான். நான் பிறந்த அன்றைக்கே என்னைத் தூக்கிப் பார்த்து, இவ என் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டவர். அதைக் கொடுமை என்று நினைக்காதீர்கள். அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். சந்தைக்குப் போனால் எனக்கு வளையல் வாங்காமல் திரும்பமாட்டார். தாய் செத்துப்போன வீட்டில், களையெடுத்த கூலியில் அப்பாவைச் சோறூட்டி வளர்த்ததும் அவர்தான். அத்தை ஒன்றைக் கேட்டு அப்பா இல்லையென்று சொல்லி நான் பார்த்ததே கிடையாது. சொல்லவும் முடியாது. அது அவருடைய வாயில் வராது.

"ஆனி முடியுறதுக்குள்ள பூவ வச்சிருவோம்ப்பா. தை மாசம் கல்யாணத்த வச்சுக்கிருவோம்," என்றார் அத்தை.

பூ வைப்பது என்றால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டுப் போவது. அதற்குப் பிறகு அந்தப் பெண் இன்ன வீட்டுக்கு என்று ஊரறிய ஆகிவிடும். பூ வைத்த பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. நானோ மையத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வேதியியல். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஏன் சோப்பு நுரைக்கவில்லை, பானை அடியில் ஏன் வெள்ளையாகப் படிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஒரு பைத்தியம் அப்போது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா அடிக்கடி வந்தார். உறங்கினார். போகும்போது ஒரு வாக்கியம் சொன்னார். அப்பாவோ ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து, "எங்கக்கா கேட்டுக்கிருச்சே தாயி," என்று மட்டும் சொன்னார். கடைசியாக வந்த அன்று அக்கா உறங்கவே இல்லை. சுவரில் சாய்ந்து வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் மரம் அடித்தது. அப்பாதான் போய் எடுத்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மரத்தைப் பார்த்து நின்றபடி, "ம்… ம்… சொல்லு தாயி… அழுகாத… ம்… சரி," என்றார். காற்றடித்தது. வேப்பம்பூ அவர் தோளில் உதிர்ந்தது. போனைப் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"டீச்சரம்மா வாராகளாம். வாரேன்னு சொல்லியிருக்காக. அவுக வந்து ஒரு வார்த்த பேசுன பெறகு பூ விசயத்தப் பாத்துக்கிருவோம்."

அம்மா, "என்னைக்கு வாராகளாம்?" என்று கேட்டார்.

"வாரேன்னுதேன் சொன்னாக," என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க நாள் குறித்திருந்தது. அத்தையும் மாமாவும் சொந்தக்காரர்களுமாகத் தட்டோடு வந்து இறங்கினார்கள். மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்திருந்தார்கள். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் பொறுக்கா. அந்தம்மா வாரேன்னு சொல்லியிருக்காக. நம்ம வீட்ல கை நனைச்சவுக. அவுகள வச்சுக்கிட்டே செய்வோம்," என்றார். அதில் தப்புச் சொல்ல அத்தையால் முடியவில்லை. வருகிறேன் என்று சொன்ன ஆள் வருவதற்கு முன்னால் காரியத்தைத் தொடங்குவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. தாய்மாமன் சீர் வந்து சேராமல் பந்தலில் தாலி எடுக்காமல் உட்கார்ந்திருந்த கல்யாணங்களெல்லாம் உண்டு. ஆக, எல்லாரும் காத்திருந்தோம்.

அந்தப் பகலை நான் இன்றும் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வெயில் வாசலில் கொட்டிக் கிடந்தது. ஆண்கள் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அடுப்பில் கறி கொதித்துக் கொதித்து, வாசம் வருவது நின்றுவிட்டது. தட்டிலிருந்த வாழைப்பழத்துக்கு எறும்பு வழி கண்டுபிடித்துவிட்டது. தார்ச்சாலையில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் படுத்திருந்தவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும் ஒரே மாதிரி தலையைத் திருப்பினார்கள். பஸ் நிற்கும், தூசி எழும், தூசி அடங்கும், யாருமில்லாத சாலை தெரியும். வராத ஒருவருக்காக ஒரு வீடே காத்திருந்தால் அந்த வீடு கொஞ்சம் தரையைவிட்டு எழும்பித்தான் நிற்கும் போல. யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை. நான் பட்டுப்பாவாடையில் வேர்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கூடையிலிருந்து வருகிற மல்லிகை வாசனையை மூக்கைப் பொத்தாமல் எப்படித் தவிர்ப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்தாலே பயமாக இருந்தது.

சாயங்காலம் பூ துவண்டுவிட்டது. அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு, "இந்த வயசுல எனக்கு இது தேவதேன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி வந்தார். அக்கா வரவில்லை. அப்பா அதையே சொன்னார். "வாரேன்னு சொன்னவுக வராமயா போவாக?" அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "அந்தம்மாவுக்கு ஊருக்கொரு புள்ள. நம்ம நெனப்பே இருக்காது. நீங்க வேற," என்றார். அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அப்பாவைக் கேலி செய்தார்கள். "என்ன மாப்ள, டீச்சரம்மா வந்துட்டாகளா?" என்று டீக்கடையில் கேட்பார்களாம். அப்பாவும் சிரிக்காமல், "வாராக, வாராக," என்பாராம்.

நீ ஏன் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். போட எவ்வளவோ நேரம் மரத்தடியில் நின்றிருக்கிறேன். எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காத வரைக்கும் அவர் வந்துகொண்டிருந்தார். மலைப்பக்கம் மேகம் இறங்குகிற மத்தியானங்களில், எங்கேயோ ஒரு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து உறங்கியபடி அக்கா எங்கள் ஊரை நோக்கி வந்துகொண்டேயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மையம் அப்போது கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் அத்தைக்குத்தான் பொறுமை போயிற்று. ஒருநாள் தனியாக வந்தவர், விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய்ப் பையை இறக்கினார். "யாருத்தா அந்த மகராசி, போனப் போட்டுக் குடு," என்று என்னிடம் நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். அத்தை மரத்தைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு பேசினார். அந்த வேம்பு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஏச்சு வாங்கியிருக்காது.

"ஏம்மா, நீதேன் டீச்சரா? வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா என்னம்மா அர்த்தம்? எந்தம்பி ஒரு கிறுக்குப்பய. நீ வந்தாத்தேன் ஆச்சுன்னு எங்க வீட்டுக் காரியத்தையே நிறுத்தி வச்சிருக்கான். ஒண்ணு வா, இல்ல வரலேன்னு சொல்லு. ரெண்டும் இல்லாம இது என்ன நடுவுல?"

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அத்தை, "ஆங், வா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் மத்தியானம் நான் கூடத்தில் தரையில் படுத்து உறங்கிப்போயிருந்தேன். வேர்வையில் கன்னம் சிமெண்டோடு ஒட்டியிருந்தது. கண்ணைத் திறந்தபோது எனக்கு எதிரே, எட்டித் தொடுகிற தூரத்தில், அக்கா கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தார். துப்பட்டா ஓரத்தில் பஸ் தூசி. வாய் லேசாகத் திறந்திருந்தது. கனவு என்று நினைத்து, கலைந்துவிடக் கூடாதே என்று அசையாமல் கிடந்தேன். அம்மா வந்து அவர் முகத்துக்கு நேரே விசிற ஆரம்பித்ததும்தான் நிஜம் என்று தெரிந்தது. சத்தம் வராமல் அழுதேன்.

எழுந்து முகம் கழுவி அவர் கலர் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து சேர்ந்தார்.

"வந்துட்டீகளாக்கும்."

"வந்துட்டேங்கக்கா."

"வாரேன்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு?"

அக்கா அப்பாவை ஒருமுறை பார்த்தார். அப்பா ஆட்டின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்புத்தாங்கக்கா. வாரேன்னு சொன்னா வந்திருக்கணும்," என்றார்.

அத்தைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவருக்கு எதிராளி இப்படிச் சரணடைந்தால் என்ன செய்ய முடியும்? "சரி, மொதல்ல ஒரு வாய் சோறத் தின்னுங்க. வெறுவயித்துல என்ன பேச்சு," என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா அத்தையின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். அத்தை அதைச் சொல்லத் தொடங்கி, தன் மாமியார் வரைக்கும் போய்த் திரும்பினார். கை கழுவுகிற போதுதான் அத்தைக்குச் சுருக்கென்று உறைத்தது. ஆனி முடிந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த நாட்களில் முகூர்த்தமே இல்லை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பூ வைக்கமாட்டார்கள்.

"இனி ஆவணியிலதேன்," என்றார் அத்தை, கொஞ்ச நேரம் விரலை எண்ணிப் பார்த்துவிட்டு.

"அதுக்கென்னக்கா, ஆவணியில பாத்துக்கலாம். அதுவரைக்கும் புள்ள சும்மாதான இருக்கா, காலேஜுக்குப் போயிட்டு வரட்டுமே," என்றார் அக்கா. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

அப்படித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அப்பாவே என்னோடு பஸ் ஏறி வந்து சேர்த்துவிட்டார். நாகமலை புதுக்கோட்டையில் மையம் நடத்திய விடுதியில் தங்கினேன். ஆவணியில் அத்தை வந்தபோது, "சேத்துவிட்ட படிப்பப் பாதியில நிறுத்துனா அந்தம்மா மொகத்துல நான் எப்படிக்கா முழிக்கிறது," என்று அப்பா தலையைச் சொறிந்தாராம். தையிலும் அதே பதில். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவான். அத்தை கொஞ்ச காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபமெல்லாம் மையத்து அக்கா மேல்தான். தம்பி மேல் ஒரு நாளும் இல்லை.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு, விடுமுறை நாட்களில் மையத்துக்குப் போய் என்னால் ஆனதைச் செய்துவருகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் தகப்பன் தாய்க்கும் கூட்டம் போட்டால் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். ஒரே கதையைத்தான் சொல்வேன். எங்கப்பா சம்மதிக்கவே இல்லை, எங்க அத்தை பூக்கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் அக்கா வாரேன் என்று ஒரு சொல் சொன்னார், சொன்ன சொல்லுக்கு வந்து நின்றார், அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன். இந்த இடத்தில் எப்போதும் கை தட்டுவார்கள். அக்கா கடைசி வரிசையில் நாற்காலியில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பார்.

போன மாதக் கூட்டத்தில் என்னவோ விழித்திருந்தார். முடிந்ததும் இருவரும் கீழே வந்து தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம். நாகமலை மேல் வெயில் சாய்ந்து, பாறையெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. அக்கா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, நான் எங்க வாரேன்னு சொன்னேன்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவை அத்தா என்று சொல்வது அவர் வீட்டு வழக்கம்.

"அன்னைக்குக் காலைல உங்க அத்தாவுக்கு நான் போன் போட்டதே, இனிமே வரமாட்டேன்னு சொல்லத்தான். என்னைய வாடிப்பட்டிப் பக்கம் மாத்திட்டாங்க. உங்க ஊருக்கு ஆளே கிடையாதுன்னுட்டாங்க. உனக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல, மன்னிச்சுக்கங்கண்ணேன்னு சொல்லி ஒரே அழுகை. கடைசில வாரேண்ணேன்னு சொல்லிட்டு வச்சேன். போறேன்னு சொல்ல வாய் வராதுல்ல நமக்கு. அதப் போயி உங்க அத்தா நான் வாரேன்னு எடுத்துக்கிட்டாரு. உங்க அத்தை போன்ல ஏசுறப்பத்தான் எனக்கே தெரியும், எனக்காக ஒரு வீடே காத்துக் கெடக்குன்னு. அப்புறம் எப்படி வராம இருக்க முடியும்?"

எனக்குக் காலுக்குக் கீழே ஒரு படியை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை கூட்டத்தில் இத்தனை பேருக்கு முன்னால் நான் பெருமையாகச் சொல்லிவந்த சொல், சொல்லப்படவே இல்லை. மரத்தடியில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை தப்பாக விளங்கியது, அதில்தான் நான் படித்தேன், அதில்தான் வெள்ளைக் கோட்டுப் போட்டேன். அக்கா மேல் கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஆனால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது ஒரே கேள்விதான் ஓடியது. அப்பாவுக்கு அன்று சரியாகக் காது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பஸ் ஓட ஓட வயல்களும் செங்கல் சூளைகளும் புளியமரங்களும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. காலேஜுக்கே போகாத வேறொருத்தி, உசிலம்பட்டியில் லோடு வண்டி வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்தபடி, எனக்குப் பக்கத்து இருக்கையில் ஊர் வரைக்கும் வந்தாள்.

அப்பா வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கை கடலையை எடுத்து உடைத்தபடி சொன்னேன்.

"ஏப்பா, அக்கா அன்னைக்கு வாரேன்னு சொன்னது போன வைக்கிறதுக்காம். இங்க வாரேன்னு இல்லியாம். ஒங்களுக்குத்தேன் தப்பா வெளங்கிருச்சாம்."

அப்பா கடலையை ஊதித் தொலியைப் பறக்கவிட்டார்.

"எனக்கென்ன காது செவிடா? இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்லித்தானே அந்தப் புள்ள அம்புட்டு அழுகை அழுதுச்சு."

நான் கடலையை உடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"பெறகு ஏம்ப்பா வாராகன்னு சொன்னீக?"

அப்பா உடைந்த பருப்பைத் தனியாகவும் முழுப் பருப்பைத் தனியாகவும் ஒதுக்கினார்.

"எங்கக்கா கிட்ட நான் என்னத்தச் சொல்றது? மாட்டேன்னு சொல்ல முடியுமா? யாரோ வாராகன்னு சொன்னாத்தானே காத்திருக்க முடியும். அந்தப் புள்ள போன வைக்கிறப்ப அந்த ஒரு வார்த்தையத்தேன் எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு. நான் புடிச்சுக்கிட்டேன்."

டீக்கடையில் அத்தனை பேர் சிரித்தபோதும் சிரிக்காமல் வாராக வாராக என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. கடலைத் தொலியைத்தான் கையால் கூட்டி அள்ளினேன்.

"மையத்துல கூட்டத்துலயெல்லாம் பேசுறியாமே," என்றார் அப்பா. "எங்கப்பா சம்மதிக்கலேன்னா சொல்ற?"

"ஆமாப்பா. இத்தன நாளும் அப்படித்தான் சொன்னேன். இனிமே மாத்திச் சொல்லிர்றேன்."

அப்பா நிமிர்ந்து, தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"மாத்தாத பாப்பா. எங்கக்கா இருக்குற வரைக்கும் அப்படியே சொல்லு."